வல்லூறுத் தலை எல்லாம் ஹோரஸ் இல்லை

கேள்வி: எகிப்தியச் சிலைகளில் வல்லூறுத் தலையோடு இருப்பவர் எல்லோரும் வானக்கடவுள் ஹோரஸ்தானா?

பதில்: முகத்தை விடுங்கள், தலைக்கு மேலே பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய வெள்ளை, சிவப்பு மகுடங்கள் இருந்தால் பெரும்பாலும் ஹோரஸ். எட்ஃபு கோயில் முற்றத்தில் நிற்கும் கருங்கல் வல்லூறுக்கு இந்த இரட்டை மகுடம்தான். நாகம் சுற்றிய சூரிய வட்டு இருந்தால் சூரியக்கடவுள் ரா, அல்லது ராவும் ஹோரஸும் கலந்த ரா-ஹோரக்தி. பிறைமேல் முழுநிலா என்றால் நிலாக்கடவுள் கொன்சு. வட்டோடு இரண்டு நெட்டை இறகுகள் என்றால் போர்க்கடவுள் மோன்து. மகுடம் உடைந்துபோயிருந்தால் எழுத்துப் பொறிப்பைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: ஹோரஸின் கண்ணில் பின்னக் கணக்கு இருக்கிறது என்கிறார்கள். கூட்டிப் பார்த்தேன், 1 வரவில்லையே?

பதில்: வராது. கண் சின்னத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பின்னம் என்பார்கள்: மூக்கோரப் பக்கம் 1/2, கருவிழி 1/4, புருவம் 1/8, வெளிப்பக்கம் 1/16, சுருள் வால் 1/32, கண்ணீர்க்கோடு 1/64. மொத்தம் 63/64. பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால், கடைசித் துண்டு எவ்வளவோ அவ்வளவு எப்போதும் குறையும்.

எதிரியான சேத் பிடுங்கிய ஹோரஸின் இடக்கண்ணை அறிவுக்கடவுள் தோத் சரிசெய்தார் என்பது புராணம். அந்தக் கண்தான் நிலா. தேய்ந்து வளர்வதற்கு அதுவே காரணம். சீரான கண்ணுக்கு 'வெஜாத்', அதாவது 'முழுமையானது' என்று பெயர். குறையும் 1/64ஐ தோத் மந்திரத்தால் நிரப்பினார் என்று சேர்த்துச் சொல்வார்கள். கேட்க அழகுதான், கணக்கருக்கு மந்திரமெல்லாம் தேவைப்படவில்லை. இந்தப் பின்னங்கள் 'ஹெகாத்' என்ற தானியப் படிக்கு உரியவை. ஒரு ஹெகாத் சுமார் 4.8 லிட்டர், அதில் 1/64 என்பது 75 மில்லி. அதற்கும் கீழே 'ரோ' என்ற அளவு இருந்தது: 5 ரோ சேர்ந்தால் 1/64, 320 ரோ சேர்ந்தால் ஒரு ஹெகாத். மீதியை ரோவில் எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தப் பின்னங்களை எழுதும் குறிகளே கண்ணின் துண்டுகளிலிருந்து பிறந்தவை அல்ல என்று கணித வரலாற்றாய்வாளர் ஜிம் ரிட்டர் 2002இல் வாதிட்டார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: குழந்தை ஹோரஸ் ஏன் வாயில் விரல் வைத்திருக்கிறார்? 'பேசாதே' என்கிறாரா?

பதில்: விரல் சூப்புகிறார், அவ்வளவுதான். சித்திர எழுத்தில் 'குழந்தை' என்பதற்கான குறியும் வாயருகே கை வைத்தபடிதான் இருக்கும். கிரேக்கரும் ரோமானியரும் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஹார்ப்போகிராட்டஸ் என்ற பெயரில் அவரை மௌனத்தின் கடவுளாக்கிவிட்டார்கள்.