குழாய் செருகாமல் சிறுநீர்ப்பையைச் சோதித்தல்: கோலாலம்பூர் வாசகர்களுக்குப் பதில்கள்

செந்தூலிலிருந்து, 64 வயது ஆண்: சிறுநீர் மெலிந்து, விட்டுவிட்டு வருகிறது. குழாய் செருகிச் செய்யும் யூரோடைனமிக் சோதனை கட்டாயமா, ஐயா?

பதில்: பெரும்பாலோருக்கு முதற்கட்டத்தில் அது தேவைப்படுவதில்லை. யூரோஃப்ளோ கருவியின் புனலில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிறுநீர் கழித்தால், வினாடிக்கு எத்தனை மில்லிலிட்டர் வெளியேறுகிறது என்பதை அது வரைபடமாகக் காட்டிவிடும். ஆண்களுக்கு உச்ச வேகம் 15க்கு மேலிருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 10க்குக் கீழே இறங்கினால் புராஸ்டேட் அடைப்போ, சிறுநீர்ப்பைத் தசையின் தளர்ச்சியோ இருக்கலாம். கழித்த அளவு 150 மில்லிலிட்டரை எட்டாவிட்டால் அந்த வரைபடத்தை நம்புவதற்கில்லை என்பதால், சோதனைக்குச் சற்று முன் கழிவறைக்குப் போய்விடாதீர்கள். அதற்காக வலி எடுக்குமளவு அடக்கிக்கொண்டும் உட்கார வேண்டாம். மிதமிஞ்சி நிரம்பிய பையும் சரியாகச் சுருங்காது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து, ஒரு மகள்: அம்மாவுக்கு நீண்டகால நீரிழிவு. சிறுநீர் முழுவதும் வெளியேறுகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: கழித்த கையோடு அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தால் மிச்சம் தெரிந்துவிடும். அரைமணி நேரம் காக்க வைத்தால் புதிதாக ஊறியதும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், உடனே எடுக்கச் சொல்லுங்கள். 50 மில்லிலிட்டருக்குக் குறைவென்றால் நன்று. மறுமுறையும் 200ஐத் தாண்டினால் மருத்துவர் கவனித்தாக வேண்டும். நீரிழிவில் நரம்புகள் மரத்துப்போவதால், பை நிரம்பியிருந்தும் அம்மா ஒன்றுமே சொல்லாதிருக்கலாம்.

கெப்போங்கிலிருந்து, 58 வயதுப் பெண்: இரவில் நான்கு முறை எழுகிறேன். என்ன சோதனை?

பதில்: மூன்று நாள் குறிப்பேடுதான், என் கணிப்பில் இதைவிட மலிவான, பயனுள்ள சோதனை வேறில்லை. அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். இரவு உணவுக்குப் பின் குடித்த தே தாரிக்கையும் மறைக்காதீர்கள். விடிந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் இரவுக் கணக்கிலேயே சேருங்கள். நாள் முழுவதும் கழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால், குறை சிறுநீர்ப்பையில் இல்லாமல், கால்வீக்கத்திலோ குறட்டையோடு மூச்சு தடைபடும் உறக்கத்திலோ இருக்கக்கூடும்.

செராஸிலிருந்து: அப்படியானால் குழாய் எப்போதுதான் தேவை?

பதில்: அடைப்பா, தசைத் தளர்ச்சியா என்பதை ஓட்ட வேகம் மட்டும் பிரித்துக் காட்டாது, அதற்குக் குழாய் செருகிச் சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தத்தை அளக்க வேண்டும். குழாயின்றி, ஆண்குறியில் சிறு பட்டையைச் சுற்றி, ஓட்டம் நிற்கும்வரை காற்றேற்றி அழுத்தத்தைக் கணிக்கும் முறையும் உண்டு. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. முதுகுத்தண்டுக் காயமுற்றோருக்கும், அறுவைக்கு முன் ஐயம் தீராதோருக்கும் குழாய்ச் சோதனையே தகும். அதன்பின் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கலாம். காய்ச்சலோ குளிரோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.