மின்படிக்கட்டைப் பார்த்தீர்கள், குழாயைப் பார்த்தீர்களா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் நான் விடுமுறைக்கு மலேசியாவின் கிள்ளானுக்கு வந்திருக்கிறேன். சென்ற முறை வந்தபோது விமான நிலையத்தின் இரு கட்டடங்களுக்கிடையே ஓடும் ஏரோட்ரேன் என்ற குட்டி ரயில் ஓடவில்லை. பஸ்ஸில் அடைத்து அனுப்பினார்கள். இம்முறை அது ஓடுகிறது. ஆனால் கோலாலம்பூரின் ஓர் எல்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் மின்படிக்கட்டு நின்றுகிடந்ததால், மூட்டுவலிக்கார அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். உலகமே வியந்த நாடு ஏன் இப்படிப் பாழானது? பேசாமல் அம்மாவை என்னோடு அழைத்துப் போய்விடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அம்மாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் படியேறாமல் நடைமேடைக்குப் போய்ச் சேர முடியும். அழைத்துப் போவதானால், உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையம் எந்த ரகம் என்று விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அடுத்தது, 'பாழானது'. ஹீத்ரோவுக்கு நீங்கள் பிக்காடில்லி தடத்தில் போயிருந்தால், 1970களில் ஓடத் தொடங்கிய ரயிலில்தான் பெட்டியோடு நெருக்கிக்கொண்டு நின்றிருப்பீர்கள். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பாரம்பரியம் என்று போடுகிறோம்; 1998இல் வந்த ஏரோட்ரேன் இங்கே நின்றுபோனால் நாடே போயிற்று என்கிறோம். 2025 மார்ச் 21 அன்று ஒரு துணை மின்நிலையம் தீப்பிடித்ததால் அதே ஹீத்ரோ மூடிக்கிடந்தது. அங்கிருந்த மின்மாற்றியின் எண்ணெயில் ஈரம் கூடியிருந்தது 2018இலேயே சோதனையில் தெரிந்திருந்தது என்று விசாரணை அறிக்கை பிறகு சொன்னது. அலட்சியத்துக்குக் கடப்பிதழ் தேவைப்படுவதில்லை.

இதனால் நம்மவர்களை விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். நீங்கள் பெருமைப்பட்டவை எல்லாம் எப்போது வந்தவை என்று பாருங்கள். முதல் எல்ஆர்டி தடம் 1996 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. நீங்கள் வந்திறங்கிய சிப்பாங் விமான நிலையம் 1998 ஜூனில் திறக்கப்பட்டது. (திறந்த முதல் நாட்களில் பெட்டிகள் வந்துசேராமல் பயணிகள் தவித்ததை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை.) கெலானா ஜெயா எல்ஆர்டி தடம் அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி வந்தது, பத்து நாள் கழித்து புக்கிட் ஜாலிலில் காமன்வெல்த் போட்டி தொடங்கியது. இரண்டு வருடத்துக்குள் நாலு பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த வீட்டுக்குச் சீமந்தச் செலவும் சேர்ந்தாற்போலத்தான் வரும். கணக்குத் தெரிந்த குடும்பம் அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கும். நம் அரசாங்கங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், பராமரிப்புக்கு எடுத்து வைக்க வேண்டிய அந்தப் பணத்தில் அடுத்த தடத்துக்கு அடிக்கல் நாட்டின.

கெலானா ஜெயா ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை; கட்டுப்பாட்டுக் கருவி சொன்னபடி அது ஓடும். 2022 நவம்பரில் அந்தக் கருவி பழுதாகி, 16 நிலையங்களைப் பல நாட்கள் மூடினார்கள். பொதுத் தேர்தல் நெருங்கிய வாரம் அது. மேடைகளில் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். அடுத்த மார்ச்சில் ஏரோட்ரேன் நடுவழியில் நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் கைப்பெட்டியை இழுத்துக்கொண்டு தண்டவாளப் பாதையில் நடந்தார்கள். பழையதை மாற்றுவதற்குக் கொடுத்த ஒப்பந்தம் பாதியில் ரத்தாகி, மறுபடியும் புதிதாகக் கொடுக்கப்பட்டு, 2025 ஜூலை 1 அன்றுதான் புது ரயில் ஓடியது. ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு வருடம் நான்கு மாதம்! நமக்கு வசதிகள் முதல்தரம், மனப்பான்மை மூன்றாந்தரம் என்று முன்னாள் பிரதமர் அப்துல்லா படாவி ஒருகாலத்தில் வருந்தினார். மனப்பான்மை திருந்துவதற்குள் வசதிகளுக்கு மூப்பு வந்துவிட்டது.

ஆனாலும் விடுமுறைக்கு வருகிறவர்களின் குறைப்பட்டியலில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மின்படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை: கண்ணில் படுகிறவை மட்டுமே அதில் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் 23 அன்று, நாமெல்லாம் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும் மஸ்ஜித் இந்தியா சாலையில், ஆந்திராவின் குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். காலடி நிலம் திறந்து, எட்டு மீட்டர் ஆழத்துக்கு அவரை விழுங்கியது. முக்குளிப்பவர்கள் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கித் தேடினார்கள். ஒன்பதாம் நாள் தேடுதலை நிறுத்தினார்கள். அவர் கிடைக்கவே இல்லை. அந்த நடைபாதையைப் பார்த்து 'பழசாகிவிட்டதே' என்று எந்தப் பயணியும் அதற்கு முன் முகம் சுளித்திருக்க மாட்டார்.

மண்ணுக்கடியில் வேறொன்றும் நடக்கிறது. நாட்டில் சுத்திகரித்து அனுப்பும் குடிநீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டணக் கணக்குக்கே வருவதில்லை. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவு. திருட்டும் பழுதான மீட்டரும் மீதி. உங்கள் அம்மா இருக்கும் சிலாங்கூரில் 2008 முதல் பல ஆண்டுகள், வசதி உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், மாதம் 20 கன மீட்டர் தண்ணீரை இலவசமாகக் கொடுத்தார்கள். பங்களாக்காரரும் வாங்கிக்கொண்டார், ஓட்டும் விழுந்தது. குழாய் மாற்றும் காசு எங்கே இருந்து வரும் என்று நாம் கேட்கவில்லை. ரயிலிலும் அதே கதைதான். மாதம் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்கிற சலுகைச் சீட்டு தொழிலாளிக்குப் பெரிய உதவி. அதை ஒழிக்கச் சொல்லவில்லை. மிச்சத்தை அரசு தன் கையிலிருந்து போட்டால்தான் உதிரிப்பாகம் வரும், அவ்வளவே.

2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தைக் கன மீட்டருக்குச் சராசரியாக 22 காசு உயர்த்தினார்கள். நமக்கு வந்த கடிதங்களில் சூடு பறந்தது. கூடுதலாக வாங்கும் காசில் எந்தத் தெருக் குழாயை எந்த மாதம் மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டு ஒருவரும் எழுதவில்லை. விமானம் ஏறுவதற்குள் உங்கள் அம்மாவின் தெருவுக்காக நீங்கள் அதை எழுதிக் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் பெயரோடு முழுக் கடிதத்தையும் அடுத்த இதழில் போடுகிறேன்.