சிறு வயதில் வந்த தாழ்வு மனப்பான்மை நம் குணத்தையும் மற்றவர்களிடம் பழகும் விதத்தையும் எவ்வளவு தூரம் மாற்றும்? அதிலிருந்து வெளியே வர முடியுமா?

இந்தக் கேள்வியை இரண்டு நாளாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "படித்து நல்ல வேலைக்கு வந்துவிட்டேன், ஆனாலும் நாலு பேர் கூடும் இடத்தில் ஒட்ட முடியவில்லை." அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். உங்களிடம் என்ன குறை கண்டார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நிறமோ, உயரமோ, வீட்டு நிலைமையோ, எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் யாருக்கும் நோட்டு கொடுக்காமல் படித்தவர், யாராவது பாராட்டினால் உடனே சந்தேகப்படுகிறவர் என்று அடித்துச் சொல்வேன். நானும் அப்படித்தான்.

நான் உளவியல் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். தாழ்வு மனப்பான்மையைப் பற்றி எழுதிய ஆல்ஃபிரட் ஆட்லர் என்ற ஆஸ்திரிய மனநல மருத்துவரைப் படித்ததே நாற்பது வயதை நெருங்கும்போதுதான். "ரெண்டு புத்தகம் படிச்சிட்டு வந்துட்டாங்க" என்று எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஆட்லர் 1870இல் வியன்னாவை ஒட்டிய ஊரில் பிறந்தவர். ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயால் நான்கு வயது வரை சரியாக நடக்க முடியாத பிள்ளை. தம்பி பக்கத்துப் படுக்கையிலேயே இறந்துபோனான். பிறகு இவருக்கே நிமோனியா வந்து வைத்தியர் கையை விரித்துவிட்டார். பள்ளியில் கணக்கு வரவில்லை என்று, "இவனைச் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஆசிரியர் அப்பாவிடம் சொன்னாராம். ஷூ கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. செருப்புத் தைப்பது தண்டனையா? எங்கள் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் எத்தனை வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது!

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். தாழ்வுணர்ச்சி எல்லாக் குழந்தைக்கும் வரும். பெரியவர்கள் நடுவே சின்னதாக, கை எட்டாமல் நிற்கும் எந்தக் குழந்தைக்கும் அது இருக்கும். அதுதான் நம்மை நடக்கவும் பேசவும் கற்கவும் தள்ளுகிறது. உடல் குறை, புறக்கணிப்பு, அளவுக்கு மீறிய செல்லம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது கெட்டிப்பட்டுவிடும். "என்னால் ஆகாது" என்று உட்கார வைத்துவிட்டால் அது தாழ்வு மனப்பான்மை. அதை மறைக்க எப்போதும் அடுத்தவரை விட ஒரு படி மேலே நின்றே ஆகவேண்டும் என்று துடித்தால் அது உயர்வு மனப்பான்மை. எனக்கு வந்தது இரண்டாவது. அதை எல்லோரும் வைராக்கியம் என்று பாராட்டியதால் அது ஒரு நோய் என்றே எனக்குத் தெரியவில்லை.

வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989இல் நான் ஆறாம் வகுப்பு. ஊர்ப் பள்ளியிலிருந்து டவுன் பள்ளிக்கு மாறியிருந்தேன். வீட்டில் அம்மாவும் ஆயாவும் பீடி சுற்றுவார்கள். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார்கள். விடிந்ததும் தகடு வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுவது, தூள் போட்டுச் சுற்றுவது, நூல் கட்டுவது. தலையை மடக்குவது மட்டும் என் வேலை, சின்ன விரலுக்குத்தான் அது சுருக்காக வரும் என்பார் ஆயா. பள்ளிக்குக் கிளம்பும்வரை மடக்கிவிட்டுப் போவேன். அம்மா ஒரு நாளைக்கு எண்ணூறு சுற்றுவார். ஒரே அறை. தூள் இருக்கிற முறத்துக்கும் என் புத்தகப் பைக்கும் நடுவே இரண்டு முழம்கூட இருக்காது.

ஒருநாள் காலை முதல் பீரியடில் பக்கத்துப் பெண் எழுந்து, "மிஸ், இவ மேல பீடி நாத்தம் அடிக்குது" என்றாள். வகுப்பு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். டீச்சர் அவளையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. "நீ ஜன்னல் பக்கம் போய் உக்காரும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பாடம் நடத்த நேரமாகிறது என்று பிரச்சனையை முடித்துவைத்தார், அவ்வளவுதான். நான் அந்த ஜன்னல் பெஞ்சிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து துணி துவைக்கிற பார் சோப்பால் கை கழுவ ஆரம்பித்தேன், உள்ளங்கை வெடிக்கும் அளவுக்கு. பையில் நோட்டுகளுக்கு நடுவே ஒரு கற்பூரத் துண்டைப் போட்டு வைத்தேன். காலாண்டுப் பரீட்சையில் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அரையாண்டிலும் வந்தேன். அதே பெண் ஒருநாள் கணக்கு நோட்டு கேட்டு ஜன்னல் பக்கம் வந்தாள். "என் நோட்டு நாறும்" என்று சொல்லி மூடி வைத்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்க்கையின் பெரிய வெற்றியாகப் பல வருஷம் மனசில் வைத்திருந்தேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

குணம் எப்படி மாறும் என்று கேட்டீர்களே, இப்படித்தான் மாறும். நான் நன்றாகப் படித்தேன், வேலைக்கு வந்தேன், வீடு கட்டினேன். ஆனால் ஆபீஸில் அடுத்தவர் போட்ட வவுச்சரில் தப்பு கண்டுபிடித்தால் எனக்குள் ஒரு நிம்மதி பரவும். அவர் மேல் கோபம் ஒன்றும் இருக்காது, நிம்மதி மட்டும்தான். மத்தியானம் சாப்பிடும்போது என் மேஜைக்கு யாரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடியும் முன்பே கிளம்பிவிடுவேன். என் மகள் நாலாவது படிக்கும்போது இரண்டாம் ரேங்க் வாங்கி வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள், "அம்மா இன்னா சொல்லுமோ" என்று.

"கஷ்டப்பட்டுப் படிச்சதை ஏன் குறை சொல்றீங்க" என்று சிலர் வருவார்கள். படிப்பைக் குறை சொல்லவில்லை. படிக்காமல் இருந்திருந்தால் நானும் இன்றைக்கு முறத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். அவமானம் ஒருவரை மேலே தள்ளும் என்பதோடு ஊக்கப் பேச்சாளர்கள் நிறுத்திவிடுகிறார்கள். மேலே போன பிறகு அங்கே யாரோடு இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆட்லர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். மேலே போகிற துடிப்பு நாலு பேருக்கு உதவுகிற பக்கம் திரும்பியதா, நாலு பேரை மிதிக்கிற பக்கம் திரும்பியதா, அதை வைத்துத்தான் ஒருவருடைய மனநலத்தையே எடைபோட்டார்.

எங்கள் வேலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வியன்னா வரை போகவேண்டாம். என் பெரிய மாமா நுங்கு வெட்டப் பனை ஏறி விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவு போய், வேலூர் பாகாயத்தில் இருக்கிற சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்தில் சில மாதம் இருந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் மேரி வர்கீஸ் டாக்டரைப் பற்றிச் சொல்வார்கள். 1954இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் இரண்டும் அசைவற்றுப்போன டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966இல் பாகாயத்தில் அந்த மையம் வந்ததும் அவரால்தான். அவருக்குக் குறை வந்தது சின்ன வயதில் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் சிறுமியான எனக்கு அந்தக் கதையில் பாதிதான் காதில் விழுந்தது: "அவங்க ஜெயிச்சிட்டாங்க." மாமாவுக்குத் தானாகப் புரண்டு படுக்கவும், கையை ஊன்றி நாற்காலிக்கு மாறவும் அங்கே கற்றுக்கொடுத்தார்களே, அந்த மீதிப் பாதி அப்போது எனக்கு விழவில்லை.

2014இல் அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இலவச டியூஷன் ஆரம்பித்தேன். தெருவில் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஆபீஸில் எல்லோருக்கும் சொன்னேன், பாராட்டினார்கள், பெருமையாக இருந்தது. ஒரே ஒரு விதி வைத்தேன்: சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். எட்டாவது படிக்கிற ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி, ஆறு வாரம் வந்துவிட்டு நின்றுவிட்டாள். "காசு வாங்காம சொல்லித் தரேன், அதுக்கும் வரமாட்டாளா" என்று கோபத்தோடு அவள் வீட்டுக்கே போனேன்.

அவள் அம்மா முறத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "உக்காருங்க டீச்சர்" என்று பாயைத் தள்ளிப்போட்டுவிட்டு, தலை நிமிராமலே சொன்னார்: "சொல்லிப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது. நீங்க கைய மோந்து பாக்குறீங்களாம்."

ஆமாம், பார்த்தேன். சோப்பு வாசனை வருகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். சுத்தம் கற்றுக்கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் வரவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டேன். முறத்தில் வெட்டிவைத்த இலை இருந்தது. ஒன்றை எடுத்து, தூள் போட்டு, விரலால் உருட்டினேன். இருபத்தைந்து வருஷம் தொடாத வேலை, கைக்கு மறக்கவில்லை. அந்த அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இன்னா டீச்சர், தொழில்காரங்களாட்டம் சுத்துறீங்க?" "எங்கம்மா எண்ணூறு சுத்தும்" என்றேன். உள்ளே இருந்த பெண் மெதுவாகக் கதவு வரைக்கும் வந்து நின்றாள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "உனுக்குத் தலை மடக்கத் தெரியுமாக்கா?"

ஆறு வாரமும் "நீங்க, மிஸ்" என்று பேசிய பிள்ளை. அன்றைக்கு நான் அவளுக்கு "நீ" ஆனேன், அக்கா ஆனேன். மூன்று பேரும் ஒரு கட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். (பிள்ளைகள் பீடி சுற்றலாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கூடவே கூடாது. நடந்ததைச் சொல்கிறேன்.)

அவள் திரும்ப டியூஷனுக்கு வரவில்லை. தம்பி வந்தான். கை கழுவுகிற விதியை எடுத்துவிட்டேன். சமூக அக்கறை என்று நாம் சொல்வதை ஆட்லர், அடுத்தவர் கண்ணால் பார்ப்பது, அடுத்தவர் காதால் கேட்பது என்று விளக்குகிறார். அது விதையாகத்தான் பிறக்கிறது, வளர்த்தால்தான் உண்டு என்கிறார். என் டியூஷன் அதுவரை ஒரு மேடையாகத்தான் இருந்தது. 1989இல் என்னை ஜன்னலுக்கு அனுப்பினார்கள், 2014இல் நான் அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்லர் 1898இல் முதன்முதலாக எழுதிய சிறு நூல் தையல் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பற்றியது. மனசைப் பற்றிப் பேசும் முன், குனிந்து உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களின் உடம்பைப் பற்றிப் பேசினார். இங்கே பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976இலேயே சட்டம் வந்தது. பீடித் தொழிலாளர் என்ற அடையாள அட்டை இருந்தால் மருத்துவம் உண்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. என் அம்மாவுக்கு அட்டையே கிடையாது. இலை கொடுத்த ஆள் அம்மா பெயரைக் கணக்கில் ஏற்றவே இல்லை, முப்பது வருஷம். சரியில்லை என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலி தராமல் அதையும் அவரே வைத்துக்கொள்வார். எனக்கு வரவேண்டிய உதவித்தொகையும் அதோடு போனது. அம்மா இப்போது இருமும்போதெல்லாம் அந்த ஆளின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு நடத்துகிறவர்கள் அவர்களுடைய அம்மாக்களுக்கு அட்டை வாங்கித் தரவும் ஒருநாள் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். நான் இதுவரை நாலு பேருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்திருக்கிறேன், இரண்டு பேருக்குக் கிடைத்தது.

வெளியே வர முடியுமா? முழுசாக வந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இப்போதும் கூட்டத்தில் யாராவது மூக்கை உறிஞ்சினால் என் கை தானாகப் புடவைக்குள் மறையும். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. ஆட்லர் தன்னிடம் வருகிறவர்களிடம், "உங்களுக்கு ஞாபகம் இருக்கிற முதல் சம்பவம் எது" என்று கேட்பாராம். அது நிஜமா, கற்பனையா என்பதைவிட, இத்தனை ஞாபகங்களில் அதை ஏன் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். ஆளின் போக்கு மாறினால் ஞாபகமும் மாறும் என்பார். முன்பெல்லாம் சின்ன வயது என்றாலே எனக்கு அந்த ஜன்னல் பெஞ்சுதான். அதற்கு முன்னால் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். இப்போது வேறொன்று வருகிறது. மூன்று வயசோ நாலோ இருக்கும். எங்கள் தெருத் திண்ணை. அம்மா, ஆயா, எதிர்வீட்டு அத்தை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து இலை வெட்டுகிறார்கள். ஐந்தாறு கத்தரிக்கோல் ஒன்றாகச் சத்தம் போடுகிறது. யாரோ ஒருத்தர் மடியில் நான் தூங்கப்போகிறேன். யார் மடி என்று தெரியவில்லை, புகையிலை வாசனை மட்டும் தெரிகிறது.