திரை கேள்வி–பதில்: நாயகிக்கு ஒரு குரல், நடனக்காரிக்கு ஒரு குரல்

“அந்தக் காலத்து நடிகைகள் எல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடித்தார்கள், சில்க் ஸ்மிதா வந்துதான் சினிமாவைக் கெடுத்தார்” என்கிறார் என் மாமியார். உண்மையா?
– வாசகி, செந்தூல்

மாமியாருக்கு ‘ஹரிதாஸ்’ (1944) படத்தைப் போட்டுக் காட்டுங்கள். ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ என்று பாகவதர் உருகுவது மனைவியிடம் அல்ல, டி.ஆர். ராஜகுமாரி நடித்த தாசி ரம்பாவிடம். உடம்பைக் காட்டியெல்லாம் இல்லை, கண்ணாலேயே ஆளை விழுங்குவார் ராஜகுமாரி. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் அது. அதற்கும் முன்பு, 1933-இல் வந்த ‘கர்மா’வில் தேவிகா ராணியும் ஹிமான்ஷு ராயும் திரையிலேயே முத்தமிட்டிருக்கிறார்கள். முத்தம் காணாமல் போனது சுதந்திரத்துக்குப் பிறகு, தணிக்கை இறுகியபோதுதான்.

இறுகியதும் ஆசை படத்தைவிட்டுப் போய்விடவில்லை. இன்னொருத்தி தலையில் ஏற்றப்பட்டது, அவ்வளவுதான். நாயகிக்குப் புடவை, பொட்டு, நாணம். கிளப்பில் ஆடுகிறவளுக்கு கவுன், கையில் கோப்பை, கடைசி ரீலில் நாயகனுக்கு வந்த குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாவு. ஹாலிவுட்டிலும் இதேதான் நடந்தது. 1933-இல் நடிகை மே வெஸ்ட் இரட்டை அர்த்தம் பேசிச் சிரிக்கவைத்துத் தப்பித்தார். 1934 நடுவில் தணிக்கை விதி கண்டிப்பானபின், ஆசைப்பட்ட பெண் ஒன்று திருந்த வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். சில்க் ஸ்மிதா வந்தபோது ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும் ஏற்கெனவே அந்த வேலையில்தான் இருந்தார்கள். பழியை மட்டும் அவர்மேல் போடுவது அநியாயம்.

கிளப் பாட்டு என்றாலே எல்.ஆர். ஈஸ்வரிதானா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பெரும்பாலும். நாயகிக்கு பி. சுசீலா, ஆட்டக்காரிக்கு ஈஸ்வரி என்று குரலிலேயே வேலி போட்டிருந்தார்கள். ஆனால் அந்த வேலி தாண்டப்பட்ட இடங்கள்தான் சுவையானவை. ‘சிவந்த மண்’ (1969) படத்தின் ‘பட்டத்து ராணி’யில் சாட்டையடிக்கு நடுவே ஆடுகிற காஞ்சனா படத்தின் நாயகி. கதைக்குள்ளே அது ஒரு ஆட்ட நிகழ்ச்சி என்பதால் நாயகியும் ஈஸ்வரி குரலில் பாடலாம் என்றாகிவிட்டது. அந்தச் சாக்கும் தேவைப்படாத பாட்டு ‘வெள்ளி விழா’ (1972) படத்தின் ‘காதோடுதான் நான் பாடுவேன்’. பாடுகிறவள் மனைவி, கேட்பவன் கணவன். இருந்தும் இசையமைப்பாளர் வி. குமார் ஈஸ்வரியைத்தான் அழைத்தார். கூச்சலில்லாமல், மூச்சுக்கு நெருக்கமாக அவர் பாடியதில் ஒரு குடும்பப் பெண்ணின் ஆசை முதல் தடவையாக வெட்கப்படாமல் வெளியே வந்த மாதிரி இருக்கும். எங்களைக் கேட்டால் நூறு கிளப் பாட்டைவிட இது துணிச்சல்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் நடிகைகளின் முகம் மட்டும் எப்படி அப்படி ஜொலிக்கிறது? கல்யாண போட்டோ எடுக்கிறேன், செய்து பார்க்க ஆசை.
– வாசகர், ஜாலான் ஈப்போ

மூக்குக்குக் கீழே பாருங்கள். சின்னதாக, நேர்கீழாக ஒரு நிழல் விழுந்திருந்தால், பிரதான விளக்கு கேமராவுக்கு நேர் மேலே இருக்கிறது என்று அர்த்தம். ஹாலிவுட் நடிகை மார்லின் டீட்ரிச்சின் கன்ன எலும்பைச் செதுக்கிக் காட்டியது இந்த விளக்குதான். நீங்கள் ஒரு விளக்கை முகத்துக்கு நேராக, சுமார் 45 பாகை உயரத்தில் வையுங்கள். மார்பளவில், படச்சட்டத்துக்குள் வராதபடி ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். விளக்கு ரொம்ப ஏறினால் கண்குழி இருண்டு முகம் சோர்ந்துவிடும், இறங்கினால் முகம் தட்டையாகிவிடும். நிழல் மேலுதட்டைத் தொடாமல் நிற்கும் உயரம்தான் சரி. பின்னாலிருந்து இன்னொரு விளக்கு கூந்தல் ஓரத்தில் பட வேண்டும்.

‘தி லாட்ஜர்’ (1944) படத்தில் மெர்ல் ஓபரான் முகத்திலிருந்த விபத்துத் தழும்பை மறைக்க, ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் லென்சுக்கு அருகிலேயே ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். நேரெதிரே வரும் வெளிச்சம் மேடு பள்ளத்தை விழுங்கிவிடும். இன்றைக்கும் அந்த விளக்குக்கு ‘ஓபி’ என்றுதான் பெயர்.

நாயகன் முகம் கூர்மையாகவும் அடுத்த ஷாட்டில் நாயகி முகம் பனி படர்ந்தது போலவும் இருந்தால், லென்சுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி கட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அது வேண்டாம்.

லிட்டில் இந்தியாவில் வாங்கிய பழைய விசிடியில் நடனப் பாட்டு நடுவில் எகிறுகிறது. சென்சார் வெட்டா, கடைக்காரர் வேலையா?
– வாசகர், பட்டர்வொர்த்

காதையும் கண்ணையும் சேர்த்து வையுங்கள். 35 மி.மீ. பிரதியில் ஒரு காட்சிக்குரிய ஒலி அதன் பக்கத்திலேயே பதிவாகியிருக்காது, 20 சட்டம் (ஃபிரேம்) தள்ளியிருக்கும். புரொஜெக்டரில் ஃபிலிம் முதலில் படத்தைக் காட்டும் இடத்தைக் கடந்து, பிறகுதான் ஒலியைப் படிக்கும் இடத்துக்கு வருகிறது. ஆகவே அச்சான பிரதியில் கத்தரி போட்டு ஒட்டியிருந்தால் முதலில் படம் எகிறும், முக்கால் வினாடிக்குச் சற்று அதிகமாகக் கழிந்து பாட்டு எகிறும். இரண்டும் ஒரே கணத்தில் எகிறினால் வெட்டு ஒலி சேர்க்கும் முன்பே விழுந்திருக்கலாம், அல்லது விசிடிக்கு மாற்றும்போது விழுந்திருக்கலாம். கத்தரித்தது தணிக்கை அதிகாரியா, விநியோகஸ்தரா, ஆபரேட்டரா என்று இந்தச் சோதனை சொல்லாது.

ஃபிலிம் காலத்தில் தணிக்கை வெட்டு அடிக்கணக்கில் எழுதப்பட்டது. ஓர் அடிக்கு 16 சட்டம், நிமிடத்துக்கு 90 அடி. அதாவது 30 அடி வெட்டு என்பது வெறும் 20 வினாடி. பாட்டு முழுசாகவே காணோம் என்றால் கடைப் பக்கம் சந்தேகப்படுங்கள். ஒரு விசிடி தட்டில் 80 நிமிடத்துக்கு மேல் ஏறாது. 170 நிமிடப் படத்தை இரண்டு தட்டில் திணிக்க முதலில் பலியாவது பாட்டுதான்.

மலாய்ப் படங்களில் கிளப் ஆட்டக்காரி மாதிரி வேடங்கள் உண்டா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் என்று நம் ஆட்கள் இயக்கிக்கொண்டிருந்தபோது பாட்டு, ஆட்டம், கெட்ட பெண் எல்லாம் கூடவே வந்தன. கேத்தே–கெரிஸ் நிறுவனம் எடுத்த ‘பொந்தியானாக்’ (மலாய்ப் பெண் பேய், 1957) படத்தை இயக்கியவரும் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ்தான். மரியா மெனாடோவின் அழகையே பயமாக மாற்றிய படம். பாம்பு கடித்த கணவனைக் காப்பாற்ற விஷத்தை உறிஞ்சப்போய், ரத்தத்தின் ருசி கண்டு அவள் பேயாகிறாள். அன்பும் பசியும் ஒரே வாயில்! அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை.

திரையில் பெண்ணின் ஆசை பற்றிய கல்லூரிக் கட்டுரைக்கு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?
– மாணவி, கோலாலம்பூர்

‘அரங்கேற்றம்’ (1973), ‘அவள் அப்படித்தான்’ (1978), ‘மூன்றாம் பிறை’ (1982) மூன்றையும் இதே வரிசையில். முதலாவதில் குடும்பத்துக்காக உடலை விற்ற பிரமிளாவுக்குக் கடைசியில் புத்தி பேதலிக்கிறது. இரண்டாவதில் ஸ்ரீப்ரியா சாகவுமில்லை, திருந்தவுமில்லை. அவரை நடுரோட்டில் விட்டுவிட்டுக் கார் போகிறது. மூன்றாவதில் ‘பொன்மேனி உருகுதே’ யாருடைய கற்பனை என்று கவனியுங்கள். நாயகனுடையது அல்ல, வயதான கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட சில்க் ஸ்மிதாவுடையது.

யூடியூபில் பாட்டை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் சேர்த்துப் பாருங்கள். அவள் ஏன் ஆடுகிறாள், ஆடியதற்கு என்ன விலை கொடுக்கிறாள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.