பழைய டீசல் பிக்கப், மேட்டில் மட்டும் ஏன் திணறுகிறது?

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, சமதளத்தில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் லோடு ஏற்றி மேம்பாலத்தில் ஏறினால் மூன்றாவது கியரிலேயே மூச்சு வாங்குகிறது. இதைத்தான் 'இழுவை இல்லை' என்கிறோம்.

காரணம் எளிது. சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். மேடேறும்போது பல மடங்கு வேண்டும். பாதி அடைத்த டீசல் ஃபில்டர் அந்தக் கொஞ்சத்தை மட்டும் விடும். இளநீர் ஸ்ட்ராவை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். மெதுவாகக் குடித்தால் வரும், வேகமாக இழுத்தால் வராது.

முதலில் புகையைப் பாருங்கள். புகையே இல்லாமல் திணறினால் டீசல் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம்: ஃபில்டர், டேங்க்கின் அடியில் சேர்ந்த கசடு, குழாயில் காற்றுக்கசிவு. கருப்பாகக் கக்கினால் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் செம்மண் கொட்டும்! டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டியென்றால், அதிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸையும் தடவிப் பாருங்கள். கிளிப்புக்கு அடியில் உள்ள விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஆக்சிலேட்டரை மிதித்தால் 'புஸ்' சத்தம் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையென்றால் அது கிளட்ச் வழுக்கல், இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை.

'வயசான வண்டி, போரிங் செய்தால்தான் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்தால்தான்) இழுக்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று, அளந்து பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.