மரத்துக்கு வழிவிட்ட விட்டம்: வெனிஸ் நார்டிக் அரங்கு பற்றிச் சில கேள்விகள்

மாணவி ஒருவர்: வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் நாட்டுக்கொரு அரங்கு என்கிறார்கள். நார்டிக் அரங்கு மட்டும் எப்படி மூன்று நாடுகளுக்குப் பொதுவானது?

வட ஐரோப்பாவின் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மூன்றும் சேர்ந்து கட்டிக்கொண்டதுதான் அது. 1958இல் நடந்த போட்டியில் நார்வே கட்டிடக் கலைஞர் ஸ்வெர்ரே ஃபென் வென்றார். அப்போது அவருக்கு 35 வயதுகூட நிறையவில்லை. 1962இல் கட்டிடம் திறக்கப்பட்டது. டென்மார்க் ஏற்கெனவே தனி அரங்கு வைத்திருந்ததால் இதில் சேரவில்லை.

கட்டிடப் பொறியாளர்: படத்தில் பார்த்தால் கூரை வெறும் சீப்புப் பல் போல இருக்கிறதே?

அந்தக் கூரைதான் கட்டிடமே. 1 மீட்டர் உயரமும் வெறும் 6 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள கான்கிரீட் விட்டங்கள், சுமார் அரை மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் குறுக்காக இன்னொரு வரிசை. வெள்ளைச் சிமெண்டும் வெள்ளை மணலும் மார்பிள் துகளும் கலந்த கான்கிரீட் என்பதால், வெனிஸின் கோடை வெயில் விட்டங்களில் மோதி மோதித் தணிந்து, நிழலே விழாத வட ஐரோப்பிய வெளிச்சமாகக் கீழே இறங்குகிறது. வடக்கே வரைந்த ஓவியத்தை வடக்கத்திய வெளிச்சத்திலேயே காட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு.

அவரே: மழை பெய்தால்?

விட்டங்களுக்கு நடுவே ஒளி ஊடுருவும் ஃபைபர் கண்ணாடித் தகடுகள் உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே ஓடிவிடும்.

தோட்டக்கலை ஆர்வலர்: உள்ளே மரம் வளர்கிறதாமே, உண்மையா?

உண்மைதான். அரங்கு நிற்கும் பூங்காவின் மரங்களை வெட்டக் கூடாது என்பதால், அவை நின்ற இடங்களில் கூரையைத் திறந்துவிட்டார் ஃபென். மரம் கூடத்துக்குள் எழுந்து கூரைக்கு மேலே போய்க் கிளைவிடுகிறது. எனக்குப் பிடித்தது வெளிமூலைதான். கூரையின் பாரம் தாங்கும் பெரிய விட்டம், எதிரே மரம் வந்ததும் கவட்டையாக இரண்டாகப் பிரிந்து அதற்கு வழிவிடுகிறது. சந்தில் எதிரே வரும் பெரியவருக்கு நாம் ஒதுங்கி நிற்பதில்லையா, அப்படி!

ஓவியர்: படம் மாட்டச் சுவர் எங்கே?

நல்ல கேள்வி. இரண்டு பக்கம்தான் கெட்டிச் சுவர், மற்ற இரண்டும் கண்ணாடி. கட்டிடத்தின் அழகோடு போட்டி போட்டுத் தோற்ற படைப்புகள் இங்கே நிறைய என்பேன்.

மீண்டும் மாணவி: 2022இல் பெயரை மாற்றினார்களாமே?

அந்த ஆண்டுக்கு மட்டும் ‘சாமி அரங்கு’ ஆனது. இம்மூன்று நாடுகளிலும் ரஷ்யாவிலும் பரவி வாழும் பழங்குடிகள் சாமி மக்கள். பவுலீனா ஃபியோதரோஃப், மாரெட் ஆன்னே சாரா, ஆண்டர்ஸ் சுன்னா ஆகிய மூன்று சாமி கலைஞர்களின் படைப்புகள் மட்டுமே அந்த முறை காட்சிக்கு வந்தன.