முறியத்தான் அந்தப் பின்

கேள்வி: சேற்றில் புதையும் கொழுந்து லொறிகளை இழுக்கப் பழைய ஜீப்பில், எஞ்சின் ஷாஃப்டால் சுழன்று கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் நான்கு ஷியர் பின் முறிந்துவிட்டது. கடைக்காரர் “உடையாத பின்” என்று உருக்குப் போல்ட் ஒன்றைத் தருகிறார். போடலாமா? (ஹட்டன்)

பதில்: கூடாது. ஷாஃப்டையும் வின்சையும் கோத்துக் குறுக்கே செருகியிருக்கும் அந்தச் சிறு துண்டின் வேலையே முறிவதுதான். பாரம் அளவு மீறினால் அது அறுபடும், ஷாஃப்ட் வெறுமனே சுற்றும், வின்ச் நின்றுவிடும். உருக்குப் போல்ட் அசையாது. அதற்குப் பதில் வெண்கலப் பற்சக்கரம் தேயும், ஷாஃப்ட் முறுகும், அல்லது கம்பிக் கயிறு அறுந்து சவுக்காய்த் திரும்பும். எதிரே நிற்பது யாருடைய பிள்ளை என்று கயிறு பார்க்காது. “உடையாத பின்” என்று கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஃபியூஸ் போன இடத்தில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றுகிற அதே புத்திதான் இது.

நான்கு ஏன் முறிந்தது? பின் செருகும் துளையை விரலால் தடவிப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் பின் ஆடி ஆடியே போகும். டிரம்மில் கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தால் குறைந்த இழுவையிலேயே பின் முறியும். ஐந்து சுற்றாவது மிச்சம் வைத்து மற்றதை வெளியே விடுங்கள். லொறியில் கப்பியை மாட்டி, கயிற்றை மடக்கி இழுத்தால் வின்சின் பாரம் ஏறக்குறையப் பாதியாகும். மூட்டையை இறக்காமல், சில்லைச் சுற்றிய சேற்றை வெட்டாமல் இழுத்துவிட்டுப் பின்னைத் திட்டுகிறீர்களோ என்றும் சந்தேகம்.

கேள்வி: பின் முறிந்தால் கட்டியிழுக்கும் வண்டி பள்ளத்தில் உருண்டுவிடாதா? (மஸ்கெலியா)

பதில்: வின்சுக்குள் இருக்கும் வோர்ம் கியரும் (திருகுபோல் சுற்றும் பல்லிணை) பிரேக்கும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அதை நம்பிச் சில்லுக்குக் கட்டை வைக்காதவரோடு எனக்குப் பேச்சில்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய மின்சார வின்சில் ஷியர் பின்னே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (தலவாக்கலை)

பதில்: இல்லை. அவற்றில் பெரும்பாலும் இருக்காது. கையேட்டைத் திறந்திருந்தால் முத்திரைச் செலவு மிச்சம்.

கேள்வி: “ஒருநாளும் பழுதானதில்லை” என்று பழைய வின்ச் ஒன்றைக் கடையில் விற்றார்கள். திறந்தால் பாதிப் பல்லைக் காணவில்லை. பின் இருக்க வேண்டிய துளையில் உருக்குப் போல்ட். ஆறு வாரமாக அலைக்கழிக்கிறார்கள். பற்றுச்சீட்டு இருக்கிறது. (பண்டாரவளை)

பதில்: உங்கள்மேல் தவறில்லை. நானும் பச்சைப் பெயின்டின் பளபளப்பில் மயங்கி இப்படி ஒன்றை வாங்கியவன். பெயின்ட் மட்டும் இன்றும் நன்றாக இருக்கிறது. நீங்கள் பற்றுச்சீட்டு வாங்கியிருக்கிறீர்கள், நான் அதுவும் வாங்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதில் பாதிக் காலம் போய்விட்டது. இனிக் கடை வாசலில் நிற்காதீர்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து விவரம் கேளுங்கள். அந்தப் போல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள். துளையில் இருக்கும்போதே படமெடுத்து, கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.